சுவரேறிய புலித்தோல்

விலங்கின் தோலைக் குறிக்கத் தமிழில் தோல், உரி, அதள், பச்சை எனப் பல சொற்கள் வழங்கின. இச்சொற்கள் இலக்கியத்தில் பயிலும் இடங்களை ஒருங்கு வைத்து நோக்கினால், பண்டைத் தமிழர் வாழ்வில் தோல் பெற்றிருந்த இடம் எது என்பது புலப்படும்.

புறநானூற்று 317ஆம் பாடலில், களிப்பு மிகுந்து முற்றத்தில் கிடக்கும் மறவன் ஒருவனுக்கு அதளேனும் பாயேனும் விரைந்து கொடுக்குமாறு புலவர் கேட்கிறார். தோலும் பாயும் ஒரே வகைப் பொருளாக ஈண்டு எண்ணப்படுதல் நோக்கத்தக்கது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயிற்றி, தன் மகவோடு மான்தோற் படுக்கையிலே துயில்கிறாள். திருமுருகாற்றுப்படையின் முனிவர் மானுரி உடுத்தவர். இரண்டு ஏறுகள் தம்முள் பொருதபோது வென்ற ஏற்றின் பச்சையை மயிர் சீவாமல் முரசுக்குப் போர்த்த செய்தியைப் புறநானூற்று 288ஆம் பாடல் கூறுகிறது. கேடயத்திற்குத் தோல் என்றே பெயர் வழங்கிற்று. படுக்கை, உடை, முரசு, கேடயம் என்னும் இந்நான்கிலும் தோல் மாந்தருக்கு ஏதேனும் ஒரு பயன் தந்தது. சுவரில் மாட்டிப் பார்க்கும் பொருளாக இவ்விடங்களில் அது வரவில்லை.

சமய வழக்கும் இவ்வாறே. சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவை யானைத்தோல் போர்த்துப் புலியுரி உடுத்துத் தோன்றுகிறாள். யானையை உரித்த ஈசனின் கோலம், அட்ட வீரட்டங்களுள் ஒன்றான வழுவூரில் வழிபடப்படுகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர் இல்லங்களில் மாட்டப்படும் சிவன் படத்திலும் புலித்தோல் உண்டு. ஆயின் அஃது ஈசனின் அரையிலோ இருக்கையிலோ இருக்கும். சட்டம் சுவரில் தொங்கினும், சட்டத்திற்குள் தோல் தன் பழைய இடத்திலேயே இருக்கிறது.

உண்மைத் தோலைச் சுவரில் விரித்து மாட்டும் வழக்கம் மலாயாவில் பரவியது வெள்ளையர் ஆட்சிக் காலத்தில். வேட்டையாடிய துரைமார், தம் வெற்றியைப் பிறர் காணவேண்டித் தோட்டப் பங்களாச் சுவர்களில் புலித்தோலை மாட்டினர். அங்கே தோல் விரிப்புமன்று, உடையுமன்று. சுட்டவரின் திறமைக்கு ஒரு சான்றுப் பத்திரம்.

அவ்வாறு மாட்டுவதும் எளிய செயலன்று. உரித்த தோலை உப்பிட்டு, படிகாரம் முதலியவற்றால் பதப்படுத்தி, ஓரத்தைத் தடித்த கம்பளித் துணியோடு தைப்பர். நான்கு மூலையிலும் ஆணி அறைந்தால் முழுப் பாரமும் அந்நான்கு இடங்களில் விழுந்து தோல் கிழியும். ஆதலின் பின்புறம் முழுதும் துணி தைத்து, மேல் விளிம்பில் துணிக்குழல் அமைத்து, அதனுள் ஒரு கோலைச் செலுத்தித் தொங்கவிடுதல் நலம். பாரம் அகலம் முழுதும் பரவும். கோலாலம்பூரில் காற்றின் ஈரம் பெரும்பாலும் நூற்றுக்கு எண்பதை ஒட்டியிருக்கும். ஈரம் ஏறும்போது தோல் விரியும், உலரும்போது சுருங்கும். எனவே சுவருக்கும் தோலுக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். இன்றேல் பூஞ்சணம் பிடிக்கும். தோலரிக்கும் வண்டுகளுக்கு அஞ்சிப் பழங்காலத்தில் பாடாணம் கலந்த சோப்பைத் தடவினர். அந்நச்சு இன்றும் நீங்காதிருக்கக் கூடுமாதலின் பழந்தோலை வெறுங்கையால் தொடலாகாது. இத்தனை செய்தும், வெயில் பட்டால் புலியின் பொன்னிறம் வெளிறிவிடும்.

சுவரையும் வேட்டையையும் ஒருசேர நினைப்பிக்கும் உடன்பிறந்தார் இருவர் இந்நாட்டு வரலாற்றில் உளர். மூத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக், கட்டடக்கலைஞர். பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் 1910இல் எழுந்த கோலாலம்பூர் இரயில் நிலையமும், 1909இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசலும், கிள்ளானில் இன்று அரச காட்சிக்கூடமாக விளங்கும் கட்டடமும் அவர் வரைந்தவை. இளையவர் தியோடர் ஹப்பாக், பெயர்பெற்ற வேட்டைக்காரர். யானை, காட்டெருது ஆகியவற்றின் வேட்டை பற்றிய அவர் நூல் 1905இல் இலண்டனில் வெளிவந்தது. அதனை வெளியிட்ட ரோலண்டு வார்டு நிறுவனமோ, வேட்டை விலங்குகளின் தோலையும் தலையையும் பதப்படுத்திக் கொடுப்பதில் புகழ்பெற்றது.

ஆயின் தியோடர் வேட்டையோடு நின்றாரல்லர். சுட்டுத் தீர்ப்பதன் விளைவைக் கண்டபின் காட்டுயிர் காக்கும் பணியில் முனைந்தார். மலாயாவின் காட்டுயிர் நிலையை ஆராய 1930இல் அமைந்த ஆணையத்தில் அவரே பெரும்பங்கு கொண்டார். அதன் அறிக்கை 1932இல் வெளிவந்தது. அவர் விடாது வாதிட்டதன் பயனாய் 1930களின் இறுதியில் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் பரந்து கிடக்கும் பூங்கா உருவாயிற்று. அதுவே இன்றைய தாமான் நெகாரா. துப்பாக்கி ஏந்திய கையே காட்டைக் காக்கவும் எழுதிற்று.

இவ்வரலாற்றில் தமிழனுக்கும் பங்குண்டு. காடழித்து இரப்பர் நட்ட தொழிலாளிக்குப் புலி அலங்காரப் பொருளன்று. விடியுமுன் பால்வெட்டச் செல்லும் வழியில் நின்ற அச்சம். தோல் துரையின் சுவருக்குச் சென்றது. அச்சம் இலயத்திலே தங்கிற்று. அத்தொழிலாளி தன் ஊருக்கு எழுதிய கடிதத்திலும் புலி சென்றது. 1901ஆம் ஆண்டளவில் தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை, சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் அஞ்சல் தலையில் பாயும் புலியே பொறிக்கப்பட்டிருந்தது. தஞ்சையிலும் சேலத்திலும் கடிதம் பெற்றோர் மலாயாவைக் கண்டதில்லை. அதன் புலியைக் கண்டனர்.

1950களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்பது மதிப்பீடு. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டத்தின்கீழ்ப் புலிக்கு முழுக் காப்பு வந்தது 1976இல். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறப்பு அனுமதியின்றிப் புலித்தோல் வைத்திருத்தலே குற்றம். எனினும் காடு குறைந்தது. கண்ணி வைப்போர் ஓயவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி எஞ்சியவை 150க்கும் குறைவு.

மலேசிய அரசுச் சின்னத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சின்னத்தை மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். புறநானூற்றின் அதளைக் கற்பிக்கும் ஆசிரியர், அச்சொல்லுக்குத் தோல் என்று பொருளுரைப்பதோடு அமையாது, அத்தோலுக்குரிய உயிர் இந்நாட்டில் எத்தனை எஞ்சியுள்ளது என்பதையும் ஒருமுறை சொல்லுதல் வேண்டும். உயிர் அருகிய பின்னர் அச்சொல்லுக்குப் பொருள் காட்டச் சுவர் ஒன்றே மிஞ்சும்.