டேஷ்போர்டுக்கு யார் காவல்?

இந்த முறை அக்கவுண்ட்ஸ், டேக்ஸ் எதுவும் இல்லை, பயப்படாமல் படிக்கலாம் :-)

போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டப வாசலில் பார்க்கிங் பையனிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்த சித்தப்பா, மொய்க் கவரைத் தேடி சட்டைப்பையைத் தடவினார். "ஐயோ, பணம் டேஷ்போர்டுல இருக்குடா!" ஓடினோம். பணம் பத்திரமாக இருந்தது. எனக்குத்தான் ஒரு கேள்வி மிச்சமானது. ஒரு பட்டனில் நாலு கதவையும் பூட்டுகிற கார், இந்தச் சின்னப் பெட்டியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது?

முதலில் பெயர். டேஷ்போர்டு என்பது உண்மையில் குதிரை வண்டியின் முன்பலகை. குதிரைக் கால் வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் தடுப்பது. பெட்டியின் பெயர் க்ளவ் பாக்ஸ், அதாவது கையுறைப் பெட்டி. அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றுக்குக் கூரையும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது. குளிரில் ஓட்டக் கையுறை வேண்டும். அமெரிக்காவின் பேக்கார்டு கார் 1900-லேயே சாமான் வைக்க ஒரு பெட்டியோடு வந்தது. இங்கிலாந்தின் கார் பந்தய வீராங்கனை டாரதி லெவிட் 1909-ல் பெண்களுக்காக எழுதிய கார் புத்தகத்தில், சீட்டுக்கு அடியில் இருக்கும் சிறிய இழுப்பறையில் கையுறை வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்தான்!

கையுறையைத் திருட யார் வரப்போகிறார்கள்? ஆனால் காலப்போக்கில் பெட்டிக்குள் வண்டிக் காகிதங்களும் பணமும் குடியேறின. பூட்டும் வந்தது.

இன்னொரு பக்கம் கதவின் கதை. மின்சாரத்தால் பூட்டும் கதவு 1914-ல் ஸ்க்ரிப்ஸ்-பூத் காரில் வந்தது, ஆனால் பரவவில்லை. 1956-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது அதே பேக்கார்டு. வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கதவிலும் ஒரு குட்டி மோட்டார். மின்சாரம் ஒரு திசையில் போனால் பூட்டும், திசை மாறினால் திறக்கும். பழைய பென்ஸ் கார்களில் மோட்டாருக்குப் பதில் காற்று. மெல்லிய குழாய்கள் வழியே காற்றழுத்தம் மாறி பூட்டை அசைக்கும்.

இப்போது என் கேள்விக்கு வருவோம். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது கதவுப் பூட்டே பெட்டிக்கும் காவல். சாவியை இன்னொருவரிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல். சென்ட்ரல் லாக்கிங்கோடு பெட்டியையும் இணைத்தால், கதவைத் திறக்கும் அதே சாவி பெட்டியையும் திறந்துவிடும். அதனால்தான் பல கார்களில் பெட்டிக்குத் தனிப் பூட்டு. வாலே சாவி என்று ஒன்று உண்டு. கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பும், ஆனால் டிக்கியையும் கையுறைப் பெட்டியையும் திறக்காது.

ஆடிட்டிங்கில் நாம் படிப்பதும் இதுதானே? பணத்தைக் கையாள்பவரிடமே கணக்குப் புத்தகத்தையும் கொடுக்காதே!

இதற்கு விதிவிலக்கு கூரை திறக்கும் கார். அதில் கதவைப் பூட்டி என்ன பயன்? கையை விட்டாலே போதும். அதனால் 1989-ல் வந்த பென்ஸ் எஸ்.எல். காரில் உள்ளே இருக்கும் பெட்டிகளையும் சென்ட்ரல் லாக்கிங்கோடு சேர்த்தார்கள். அங்கே நிஜமான கதவு அந்தப் பெட்டிதான்.

2017-ல் வந்த டெஸ்லா மாடல் 3-ல் பெட்டிக்குச் சாவித்துளையே இல்லை, திரையைத் தொட்டால் திறக்கும். பிறகு அதற்கும் 4 இலக்க ரகசிய எண் வைத்துக்கொள்ள வசதி தந்தார்கள். எவ்வளவு சுற்றினாலும் வந்து சேர்ந்தது பழைய இடத்துக்கே. கதவுக்கு ஒரு அனுமதி, பெட்டிக்கு வேறு அனுமதி.

சித்தப்பா காரிலும் பெட்டிக்குத் தனிப் பூட்டு இருக்கிறதாம். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவை கூடப் பூட்டியதில்லை. உங்கள் வீட்டுக் காரில் இருக்கிறதா? அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.