வெளிச்சம் முடிந்த இடத்திலும் வேகம் குறையவில்லை

கரும்பொருள் என்றதும் வேரா ரூபின் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதில் தப்பில்லை. ஆனால் கேலக்ஸிகளின் ஓரத்தில் அதன் தடயத்தைப் பிடித்த கதை அவரோடு தொடங்கவில்லை, அவரோடு முடியவும் இல்லை.

சூரியனைப் புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. தொலைவில் இருக்கும் நெப்டியூனுக்கோ வெறும் 5.4 கி.மீ.தான். எடையெல்லாம் நடுவில் இருந்தால் அப்படித்தான் ஆகும். கேலக்ஸியிலும் வெளிச்சம் நடுவில்தான் அதிகம். ஆகவே ஓரத்தில் இருப்பவை மெதுவாகத்தானே சுற்ற வேண்டும்?

1939-லேயே ஹொரேஸ் பாப்காக் என்ற ஆய்வு மாணவர் (ஆமாம், நம்மைப் போல ஒரு மாணவர்!) ஆண்ட்ரோமெடாவின் ஓரத்தில் வேகம் குறையவில்லை என்று அளந்தார். வெளிப்பகுதியின் வெளிச்சத்தைத் தூசி மறைக்கிறதா, இல்லை இயக்க விதிகளையே மாற்ற வேண்டுமா என்று யோசித்தார். பிறகு அவரே நட்சத்திரங்களின் காந்தப்புலம் பக்கம் போய்விட்டார்.

1970-ல் ரூபினும் கென்ட் ஃபோர்டும் அதே ஆண்ட்ரோமெடாவில் 67 வாயு மேகங்களின் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். மங்கலான ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஃபோர்டின் கருவி இல்லாமல் அது நடந்திருக்காது. மையத்திலிருந்து சுமார் 78 ஆயிரம் ஒளியாண்டு வரை அளந்தும், வேகம் எதிர்பார்த்தபடி சரியவில்லை. ஒரு வேடிக்கை, அந்தக் கட்டுரை கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவே இல்லை!

என்னைக் கேட்டால், வலுவான சாட்சி ரேடியோ வானியலில்தான் கிடைத்தது. நட்சத்திரங்கள் தீர்ந்த பிறகும் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு வெகுதூரம் பரவியிருக்கிறது. அது 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலை வீசும். 1975-ல் மார்ட்டன் ராபர்ட்ஸும் ராபர்ட் ஒயிட்ஹர்ஸ்டும் அதை வைத்து ஆண்ட்ரோமெடாவில் இன்னும் வெளியே போனார்கள். 1978-ல் நெதர்லாந்தின் ஆல்பர்ட் போஸ்மா தன் முனைவர் பட்ட ஆய்வில் பல சுருள் கேலக்ஸிகளை அளந்தார். வெளிச்சம் முடிந்த இடத்துக்கு அப்பாலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இது ஏன் முக்கியம்? 1980-ல் ரூபின் குழு 21 கேலக்ஸிகளை அளந்து வெளியிட்டது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வைத்துப் பார்த்தால், நட்சத்திரங்களின் எடையைக் கொண்டே சமாளித்துவிடலாம் என்று அக்ரிஸ் கல்னாய்ஸ் சில வருடங்களில் காட்டினார். நட்சத்திரமே இல்லாத இடத்தில் அந்தச் சமாளிப்பு செல்லாது.

இயக்க விதியை மாற்றலாமா என்ற பாப்காக்கின் பழைய சந்தேகத்தை 1983-ல் மோர்தெஹாய் மில்க்ரோம் வேறு வடிவில் முன்வைத்தார். கரும்பொருள் துகளை எந்த ஆய்வகமும் இன்னும் பிடிக்காததால், அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.