சானடோரியத்திலிருந்து மெண்டிப் மலை வரை

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் 'சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன். எம்.ஐ.டி.யில் படித்த நான்கு வருடமும் அந்தப் பெயர் நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பச்சைமலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏறி இறங்கி, அடிவாரத்தில் டீயும் மசால் வடையும் சாப்பிட்ட கோஷ்டி ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. அந்த சானடோரியத்தின் கதை தொடங்குவது இங்கிலாந்தில், இன்னொரு மலைமேல். வேலை விஷயமாக பிரிஸ்டலில் ஆறு மாதம் இருந்தபோது அங்கே போய்வர வாய்த்தது.

சாமர்செட் மாவட்டத்தில் இருக்கும் மெண்டிப் மலைகளை ஊட்டி மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். உச்சியே 325 மீட்டர்தான். ஆனால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் கரைத்துக் கரைத்து உள்ளே எங்கு பார்த்தாலும் குகை. மேலே நடப்பவர்கள் ஒரு கூட்டம், கீழே தவழ்பவர்கள் ஒரு கூட்டம். இருவரும் சாயங்காலம் வந்து சேரும் இடம் பிரிடி கிராமத்துக்கு வெளியே நாற்சந்தியில் இருக்கும் 'ஹண்டர்ஸ் லாட்ஜ்' என்ற பழைய பப்.

பப் என்றதும் நம்ம ஊர் டாஸ்மாக் பாரை நினைத்துவிடாதீர்கள். கல் பாவிய தரை, கணப்பு அடுப்பு, கவுன்ட்டருக்குப் பின்னால் வரிசையாகப் பீப்பாய்கள். பம்ப், மெஷின் எதுவும் கிடையாது; பீப்பாயின் குழாயைத் திறந்து அப்படியே கிளாஸில் பிடித்துத் தருகிறார்கள், நாம் அண்டாவில் மோர் பிடிக்கிற மாதிரி. நான் போன அன்று சேறு அப்பிய பூட்ஸோடு ஒரு கும்பல், மேஜைக்கடியில் நாய், மூலையில் சூப் குடிக்கும் வயதான தம்பதி. பாட்டு இல்லை, டி.வி. இல்லை, பேச்சு மட்டும். நான் என்ன குடித்தேன் என்பதை, வீட்டில் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால், எழுதவில்லை.

என்னை அழைத்துப்போன ஆபீஸ் நண்பரோடு வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நடக்கும் தூரத்தில் 'ஹில் குரோவ்' என்ற பெயர் கண்ணில் பட்டது. ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

1917-ல் கேம்பிரிட்ஜில் நோயில் விழுந்த ராமானுஜனுக்குக் காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அவரை அனுப்பிய இடங்களில் ஒன்று ஹில் குரோவில் இருந்த மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம். அதை நடத்தியவர் ஒரு தமிழ் டாக்டர் – டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. 1914 மார்ச்சில் ராமானுஜன் சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறியபோது உடன் பயணம் செய்தவர். மூன்று வருடம் கழித்து ஒரு ஆங்கிலேய மலைமேல் டாக்டரும் நோயாளியுமாகச் சந்தித்தார்கள். அப்போது ராமானுஜனுக்கு வயது 29.

காசநோய்க் கிருமியை 1882-லேயே கோக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து 1940-கள் வரை வரவில்லை. இடைப்பட்ட அறுபது வருடமும் வைத்தியம் என்றால் சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, உடம்பு தேறத் தேற அளந்து அளந்து நடை. குளிர்காலத்திலும் ஜன்னலை மூட மாட்டார்கள். இன்று லீவு நாளில் காசு செலவழித்து வந்து நடக்கிற மாதிரி மலைப்பாதைகள்தான் அன்று நோயாளிக்கு மருந்துச்சீட்டு! கும்பகோணத்துக்காரருக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்? நான் கோட்டுக்குள் நடுங்கியதை வைத்துச் சொல்கிறேன், கொடுமை.

பப்புகளுக்கும் அது கஷ்ட காலம். முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று 1915 முதல் நேரக் கட்டுப்பாடு வந்தது. மத்தியானம் கடையைச் சாத்த வேண்டும் என்ற அந்தப் போர்க்கால விதி போனது 1988-ல்தான். 'தற்காலிகம்' என்று அரசாங்கம் சொன்னால் எந்த நாட்டிலும் அர்த்தம் ஒன்றுதான்.

ராமானுஜன் மெண்டிப்பில் அதிக நாள் தங்கவில்லை. அந்த வருடமே டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் சானடோரியத்துக்கு மாறினார். அங்கே குளிரும் சாப்பாடும் இன்னும் மோசம். ராமலிங்கம் என்று ஒரு எஞ்சினீயர் (நம்ம ஜாதி!) 1918-ல் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நிலைமையை விலாவாரியாக ஹார்டிக்கு எழுதினார். ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். அது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டாக்டர் யங் ஒரு ஆய்வில் எழுதினார். அப்படியானால் திறந்த ஜன்னல்கள், குளிர் எல்லாமே வீண் தண்டனை. இதைப் படித்த பிறகு அந்த மலையை என்னால் சும்மா ரசிக்க முடியவில்லை.

சௌரிமுத்துவைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஊர் திரும்பிய அவர், மெண்டிப்பில் செய்ததை நம் மண்ணிலும் செய்யப் பச்சைமலை அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்து, 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1931-ல் மின்சார ரயில் வந்தது. 1937-ல் அரசாங்கம் சானடோரியத்தை எடுத்துக்கொண்டது.

இனிதான் விசேஷம். ராமானுஜன் உயிர் விட்ட அதே சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. 193 ஏழை நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான அறை, குறைந்த சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய சமம். குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வந்த இந்த முடிவு உலகம் பூராவும் சானடோரிய வைத்தியத்தையே மாற்றியது. மலை, காற்று, குளிர் எதுவும் கட்டாயம் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும் என்று நிரூபித்தது நம்ம சென்னை.

தாம்பரம் ஆஸ்பத்திரி மட்டும் மூடவில்லை. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலர் பயந்த காலத்தில், அவர்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டின் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக ஆனது.

பிரிஸ்டல் பக்கம் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல்: வெல்ஸ் ஊர் வரை பஸ் இருக்கிறது. அங்கிருந்து பிரிடிக்கு ஏற்றம். நடக்கலாம், டாக்ஸியும் பிடிக்கலாம். நல்ல ஷூவும் மழைக்கோட்டும் கட்டாயம். ஹண்டர்ஸ் லாட்ஜில் குடிக்காதவர்களுக்கும் சூப் உண்டு.