கிரண்ஜித் அலுவாலியா வழக்கு

குடும்ப வன்முறை குறித்த இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையை உலுக்கிய வழக்கு. பஞ்சாபில் பிறந்த கிரண்ஜித், 1979-இல் தீபக் அலுவாலியாவை மணந்து இங்கிலாந்தில் குடியேறினார். பத்தாண்டுகள் அடி, உதை, மிரட்டல்.

ஒருமுறை கணவர் பிரிந்து போனபோது கிரண்ஜித் எழுதிய கடிதம் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்தால் கடுங்காப்பி குடிக்கமாட்டேன், பச்சை மிளகாய் தின்னமாட்டேன், பிடிக்காவிட்டால் சிரிக்கவும் மாட்டேன் என்று வாக்குறுதிகள். அடித்தவர் அவர், குற்றவுணர்வு சுமந்தவர் இவர்.

1989 மே மாத இரவொன்றில், தூங்கிய கணவர்மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாட்களில் தீபக் இறந்தார். டிசம்பரில் ஆயுள் தண்டனை.

சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆத்திரமூட்டப்பட்டார் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆத்திரம் 'திடீரென' வந்திருக்க வேண்டுமாம்! அவரது கடும் மனச்சோர்வு பற்றிய புதிய மருத்துவச் சான்றே மறுவிசாரணைக்கு வழிவிட்டது. அதில் கொலைக் குற்றம், நோக்கமில்லா மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே கழித்த சிறைக்காலமே தண்டனையானது. பத்தாண்டு வதை, நோயாக மாறிய பிறகுதான் சட்டத்தின் கண்ணில் பட்டது.

'திடீர்' நிபந்தனையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.