முத்துக்குளித்துறை முதல் கோலாலம்பூர் வரை

நூலை நேசித்த மக்களால் தமிழ் அடைந்த பயனைக் கத்தோலிக்கத் தமிழர் வரலாறு நன்கு காட்டுகிறது.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் தமிழ் அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தனர். அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல் அது. எட்டாண்டுகளில், 1586-இல், அறுநூறு பக்கங்களைக் கடந்த ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. புனிதர்களின் வாழ்க்கையைத் தம் மொழியிலேயே படிக்கும் வாய்ப்பு அக்கடற்கரை மக்களுக்குக் கிட்டியது.

காலப்போக்கில் அந்த அரிய படிகள் தமிழகத்தில் மறைந்தன. எஞ்சிய சில அயல்நாட்டு நூலகங்களில் உறங்கின. அவற்றைத் தேடிச் சென்றவர்களுள் முதன்மையானவர் ஈழத்துக் கத்தோலிக்கத் துறவி தனிநாயகம் அடிகளார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான, புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டறிந்தார். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன.

1961-இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைத் தலைவரானார். 1966-இல் அவ்வகராதியின் நிழற்படப் பதிப்பு கோலாலம்பூரில் வெளியானது. முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கு கூடியதும் அதே ஆண்டில்தான்!

பெற்றோர்களே, ஆசிரியர்களே! படிப்போர் இருந்ததால் அந்நூல்கள் பிறந்தன. தேடுவோர் இருந்ததால் மீண்டன. நம் வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பழைய தமிழ் நூல்களைப் பழைய தாள்களோடு எடைக்குப் போடும் முன், பிள்ளைகளின் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்போமா?