விபசனா நெறியில் எழுந்த ஒரு வாதம்

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து விசுத்திமார்க்கம் இயற்றிய புத்தகோசர், மூச்சை நாசிநுனியிலோ மேலுதட்டிலோ நோக்குமாறு விதித்தார். பர்மியத் துறவி மகாசி சயாதோ (1904-1982) கற்பித்த முறை வேறு: மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் இடைவிடாது மனத்தாற் குறித்தல். இல்லறத்தாரும் சில வாரங்களிற் பயிலத்தக்க எளிமை அதற்கு உண்டு.

1950களில் இம்முறை இலங்கைக்கு வந்தபோது இங்குள்ள தேரர் சிலர் கடுமையாக மறுத்தனர். வயிற்றை நோக்குதல் எந்நூலில் உளது என்பது அவர்தம் வினா. வினா நேரியதே, ஆயிரத்தைந்நூறு ஆண்டு போற்றப்பட்ட நூலை எளிதில் ஒதுக்கலாமோ? இது மூச்சுத் தியானமன்று, உடலில் வாயு பூதத்தின் அசைவை அறிதலே என மகாசி மரபினர் விடையிறுத்தனர். இவ்விடையும் வலிது; பூதங்களை ஆராய்தல் சதிபட்டான சூத்திரத்திலேயே கூறப்பட்டுளது. வாதம் ஓயுமுன்னரே, 1956இல், கந்துபொடையில் அம்முறைக்கென ஒரு தியான நிலையம் எழுந்தது. இல்லறத்தாரும் அங்குச் சென்று பயின்றனர்.