புதுச்சேரிக் கணியரும் ஒரு பேரெண்ணும்

புதுச்சேரி நகரின் தென்பால் உள்ள உப்பளத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவு செல்வோர், இன்று பாரதி பூங்கா விளங்கும் இடத்தை அடைவர். 1761 இல் ஆங்கிலேயர் தகர்த்த பிரெஞ்சுக் கோட்டை ஆங்கிருந்தது. அதன் இடிபாடுகளின்மீது வான்நோக்ககம் அமைத்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி, 1769 சூன் திங்களில் வெள்ளி கதிரவனைக் கடக்கும் காட்சியை முகில் மறைத்தமையால் காணப்பெறவில்லை. எனினும், தமிழ்க் கணியரிடம் அவர் கற்ற கிரகணக் கணக்கு அவருடைய நூல்வாயிலாக நிலைபெற்றது. அக்கணக்கின் தலைவாயிலாக நிற்கும் 1600984 என்னும் எண்ணை ஈண்டு ஆராய்வோம்.

கி.மு. 3102 பிப்ரவரி 18 ஆம் நாள் தொடங்கியதாகக் கொள்ளப்படும் கலியுகத்தில் இத்துணை நாள் கழிந்த காலம் கி.பி. 1282 மே 22 ஆகும். மதி புவிக்கு மிகச் சேய்மையில் நிற்கும் நிலையையொட்டி இந்நாள் தெரிந்தெடுக்கப்பட்டது. இவ்வெண் ஏழால் மீதியின்றி வகுபடும். ஆகவே கலியின் முதல்நாளைப் போன்றே இதுவும் வெள்ளிக்கிழமையாயிற்று.

இதன்பின் 12372, 3031, 248 என்னும் மூன்று வகுஎண்கள் வருகின்றன. மதி சேய்மைநிலையினின்று புறப்பட்டு மீண்டும் அந்நிலையை எய்தச் சற்றேறக்குறைய 27.55 நாள் ஆகும். அத்தகைய 9 சுற்றுக்கு 248 நாளும், 110 சுற்றுக்கு 3031 நாளும், 449 சுற்றுக்கு 12372 நாளும் பொருந்துகின்றன. முதலதில் பிழை ஏறத்தாழ 13 நிமிடம். இரண்டாவதில் ஒரு நிமிடமும் இல்லை. 3031 ஐ நான்கால் பெருக்கி 248 ஐக் கூட்டின் 12372 வருதலும் காண்க.

1765 ஆகஸ்டு 30 ஆம் நாள் நிகழ்ந்த மதிகிரகணத்தை எடுத்துக்கொள்வோம். அன்று கலிநாள் 1777489. பேரெண்ணைக் கழிக்க 176505 எஞ்சும். 12372 ஆல் வகுக்க ஈவு 14, மீதி 3297. அதனை 3031 ஆல் வகுக்க ஈவு 1, மீதி 266. அதனை 248 ஆல் வகுக்க ஈவு 1, மீதி 18. மனப்பாடமாக உள்ள 248 வாக்கியங்களுள் பதினெட்டாவதனோடு ஈவுகட்குரிய துருவங்களைக் கூட்டின் மதியின் இடம் கிடைக்கும். இக்கிரகணம் நீடித்த பொழுதைத் தமிழர் கணக்கு 41 நொடி குறைத்தும், ஐரோப்பியராகிய மாயரின் அட்டவணை 68 நொடி மிகுத்தும் கூறின.

எண்களையும் சொற்களாகவே கணியர் போற்றினர். 248 க்குப் பெயர் தேவரம். வடமொழிக் கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2 எனக் கொண்டு வலமிருந்து படிக்க எண் வெளிப்படும்.

1825 இல் சென்னையில் வெளிவந்த ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில் வாரன், தரையில் சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணித்த புதுச்சேரிக் கணியர் ஒருவரைக் குறிக்கிறார். அவர் நினைவாற்றலை வியந்த வாரன், வானியற் கொள்கை அவருக்குத் தெரியாதென்றும் எழுதினார். அக்கூற்று அக்கணியர் ஒருவர்க்குப் பொருந்தலாம்; ஆனால் அதுகொண்டு இக்கலை முழுவதும் வெறும் மனப்பாடம் என முடிவு செய்தல் பொருந்தாது. 1282 ஆம் ஆண்டின் ஒருநாளைத் தெரிந்தெடுத்தும், ஒன்றன் பிழையை மற்றொன்றால் திருத்தும் வகுஎண்களை அமைத்தும் வைத்தவர் மதியின் இயக்கத்தை நெடிது நோக்கியவரே ஆதல் வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் தமிழர் இல்லங்களில் வழங்குகின்றது. அதனை நாள் பார்க்கும் ஏடாக மட்டுமன்றி, நம் கணக்கியல் வரலாற்றுச் சான்றாகவும் கற்றல் நம் கடனாகும்.